அருணகிரி வீட்டுத் தேக்கு மேசை

கோணமேட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்தில் ஊருக்கே முன்மாதிரி அங்கிருந்த மூன்று தச்சர்கள்: மூத்தவன் சடையாண்டி, அவன் தம்பி மாடக்கண்ணு, மச்சினன் இசக்கிமுத்து.

ஒரு புதன்கிழமை காலையில் அருணகிரி அவர்களைத் தேடி ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க மறுநாள் பத்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோமதிநாயகம் மரக்கடைக்காரர். போனில் அவர் தன் வீட்டுத் தேக்கு நிலை, கதவைப் பற்றிப் பெருமை பேச, இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க வீட்டுலயும் தேக்கு மேசை கிடக்கு" என்று சொல்லிவிட்டார். கிடந்தது பிளைவுட்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பழமொழி இடம் கொடுக்கிறது. மரக்கடைக்காரரிடம் மரத்தைப் பற்றிப் பொய் சொல்ல எந்தப் பழமொழியும் இடம் கொடுக்கவில்லை. செண்பகத்துக்கோ பையனை ரொம்பப் பிடித்திருந்தது. மேசை குட்டு உடைந்தால் சம்பந்தமும் உடைந்துபோகும். அந்தப் பயத்தில் அருணகிரிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"மேசை மேல தேக்கு வினீரை ஒட்டிக் குடுத்துருங்கப்பா" என்றார். வினீர் என்பது நல்ல மரத்தைத் தாள்போலச் சீவி எடுத்தது. மட்டமான பலகையில் ஒட்டினால் பார்க்கிறவனுக்குப் பலகை முழுக்கத் தேக்காகத் தெரியும். சொல்லிவிட்டு அவர் அக்காவை அழைத்துவரப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினார்.

வினீர் விற்ற டவுன் கடைக்காரர் நல்ல மனுஷன். எப்படி ஒட்டுவது என்று பொறுமையாகச் சொன்னார். அத்தனையையும் ஒரே தலையில் ஏற்றுவது ஆபத்து என்று மூவரும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

சடையாண்டியின் பங்கு: பலகையில் பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. துடைத்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் தூசி. மறுபடி துடைத்தான். மறுபடி தூசி.

"ஏல, தூசி உக்காராத இடம்னு உலகத்துல எது?" என்றான்.

மாடக்கண்ணு நெடுநேரம் யோசித்தான். "தண்ணிக்குள்ளண்ணே. மீன் மேல தூசி பாத்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை. மேசையைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்க் குளத்தில் மூழ்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது உண்மையிலேயே தூசி இல்லை. இரண்டு கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. அவற்றைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாததால் மரியாதையாகத் தண்ணீரில் விட்டார்கள்.

அடுத்தது மாடக்கண்ணுவின் பங்கு: பசையைப் பூசிவிட்டு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் வினீரை வைக்க வேண்டும். பூசினான். தொட்டான்.

"அண்ணே, ஒட்டுது."

"எதுல ஒட்டுது?"

"விரல்ல."

"அப்ப அந்த விரல் சரியில்ல. வேற விரலை வையி."

அவனுடைய பத்து விரலும் சரியில்லை. மற்ற இருவருடைய இருபதும் அப்படியே. "கால் விரலை வச்சுப் பாப்பமா மாமா?" என்று கேட்டான் இசக்கிமுத்து.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பி குடிக்கப் போற மேசைல. அதுல போயிக் காலை வைக்கவா?" என்று சடையாண்டி கண்டித்தான். அதனால் தெருவில் போகிற வருகிற ஆட்களை எல்லாம் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னார்கள். கோணமேட்டில் ஒரு காரியத்துக்கு விரல் கொடுக்க யாரும் காரணம் கேட்பதில்லை. வரிசை நின்றது. அறுபத்து மூன்றாவதாக வந்த பால்காரர் விரல் சுத்தமாகத் திரும்பியது. பசை முழுக்க மற்ற அறுபத்திரண்டு பேரோடு வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"பதம் வந்துட்டு" என்றான் மாடக்கண்ணு. அவன் கண் கலங்கிவிட்டது.

வினீரை வைத்தார்கள். அது சுருட்டிக்கொண்டு கீழே உருண்டது. மிச்சப் பசையைப் பூசி மறுபடி வைத்தார்கள். பதந்தான் ஒருமுறை வந்தாயிற்றே என்று இந்தத் தடவை காத்திருக்கவில்லை. ஆனாலும் ஓரம் மேலே தூக்கியது.

"கீழ பிடிக்கிறதுக்குப் பசை இருக்கு. மேல இருந்து அமுக்குற ஆளுக்குப் பிடிமானம் வேணும்லா?" என்றான் இசக்கிமுத்து. அது நியாயமாகப் பட்டது. வினீரின் மேலேயும் தாராளமாகப் பூசினார்கள்.

இசக்கிமுத்துவின் பங்கு: பாரம் ஏற்ற வேண்டும். பாரம் சமமாக இருக்க வேண்டும். விடியும்வரை எடுக்கவே கூடாது. அரிசி மூட்டையும் ஆட்டுக்கல்லும் சமமில்லை. மனுஷனும் மனுஷனும் சமம் என்று சடையாண்டி எங்கோ கேள்விப்பட்டிருந்தான். மூவரும் மேசைமேல் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து மட்டும் ஒல்லி என்பதால் அவன் மடியில் அம்மிக்கல்லை வைத்தார்கள்.

செண்பகம் வந்து பார்த்தாள். "என்னண்ணே இது?"

"பாரம், தாயி. விடியுறவரை எடுக்கக் கூடாது. இட்லி இருந்தாக் குடு. ஆளுக்கு எட்டு. ஒண்ணு கூடினாலும் ஒரு பக்கம் அமுங்கிரும்."

அவள் எண்ணித்தான் வைத்தாள். வைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அருணகிரியும் அக்காவும் பஸ்ஸிலிருந்து இறங்க, மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் மரக்கடை லாரியில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள். மேசைமேல் மூன்று பேர். ஒருவன் மடியில் அம்மி.

கோமதிநாயகம் உட்காரவில்லை. "தேக்கு மேசைன்னீங்களே?"

அருணகிரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எந்திரிங்கல" என்று மட்டும் வந்தது.

அம்மியை இறக்கிவிட்டு மூவரும் எழுந்தார்கள். ஒன்றாகத்தான் எழ முடிந்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்திருந்த பிளைவுட் பசையைச் சேர்க்கவே இல்லை. வேட்டிகள் நன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தன. வினீர் முழுசாக மூவரின் பின்பக்கத்தோடு கிளம்பிவிட்டது. மேசை ஊறி உப்பி நின்றது.

"தேக்கு இங்க இருக்கு அண்ணாச்சி" என்று சடையாண்டி பணிவாகச் சொல்ல, மூவரும் சேர்ந்து திரும்பி நின்று காட்டினார்கள்.

அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். ரேகையைப் பார்த்தார். நகத்தால் தட்டினார். முகர்ந்து பார்க்க நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"அசல் தேக்கு" என்றார். "பொய் சொல்லாத மனுஷன் நீங்க. தேக்கை நிக்க வச்சுப் பாத்திருக்கேன், கிடக்க வச்சுப் பாத்திருக்கேன். நடக்க வச்சு இப்பத்தான் பாக்கேன். தட்டை மாத்திருவோம்."

செண்பகம் கதவுக்குப் பின்னால் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாம்பூலத் தட்டை எங்கே வைப்பது? தேக்கு இருக்கும்போது பிளைவுட்டில் வைப்பது சுபமில்லை என்றார் கோமதிநாயகம். மூவரும் குனிந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு பெண் வீட்டுத் தட்டு அவர்கள்மேல் வைக்கப்பட்டது. இடையிடையே மிச்சமிருந்த பசை தட்டையும் பிடித்துக்கொண்டது.

பெண் வீட்டுத் தட்டு ராகு காலத்துக்கு முன்னே மாப்பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும். தட்டு வினீரைவிட்டு வரவில்லை, வினீர் வேட்டியைவிட்டு வரவில்லை. வேட்டியைவிட்டு வர மூவருக்கும் மனமில்லை. குனிந்த வாக்கில் அப்படியே லாரியில் ஏற்றினார்கள்.

அங்கே வாசலில் மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தி சுற்றினாள். வழக்கப்படி, "வலது காலை எடுத்து வச்சு வாங்க" என்றாள். மூவரும் ஒன்றுபோல வலது காலை எடுத்து வாசல்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அப்படியே நின்றார்கள்.

ஒரு மாதம் கழித்து மருமகளாக வந்த செண்பகம், குனிந்து நின்ற மூவருக்கும் பக்கவாட்டில் ஒடுங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. "இன்னும் ஏண்ணே இங்கயே நிக்கிய?" என்று கேட்டாள்.

"இடது காலைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே, தாயி" என்றான் சடையாண்டி.