முன் சில்லு நனையக் கூடாது

முட்டாள்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் கரையில் நின்று எழுதலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நடந்ததில் மூன்று முட்டாள்கள் இருந்தார்கள். மூன்றாவது ஆள் யார் என்று எவ்வளவோ தேடிப் பார்த்தும் என்னைத் தவிர வேறு ஒருவரும் அகப்படவில்லை.

முதலாவது தில்லைநாதன் அண்ணை. லண்டனில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையாவது விதி என்று தாளில் அடித்துக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டாவது நகுலேஸ். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் சரி என்று நினைப்பவன். மூன்றாவது நான். கவுன்சில் அலுவலகத்தில் எழுதுவினைஞன், வயது ஐம்பத்து நாலு, பெயர் ஞானசேகரம். பெயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வைத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் வைத்தார்கள்.

எதையும் முடிக்காதது என் குறை. நீச்சல் பழகப் போய், மிதக்கும் வரை பழகினேன். பிரெஞ்சு வகுப்பில் இறந்தகாலம் வருவதற்கு முன் நின்றுவிட்டேன். பல் வைத்தியர் சுகந்தினியிடம் ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை தொடங்கி, பாதியில் ஓடி, ஒரு வருடம் கழித்து வலி தாங்காமல் திரும்பிப் போனேன். அன்றுதான் இந்தச் சைக்கிள் சவாரி தொடங்கியது.

முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் ஆறு ஏழு மைல் நடந்து வருகிறார்கள், நாற்பது சைக்கிள் கிடைத்தால் நல்லது என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

“நாற்பதையும் நான் தாறன்,” என்றார் டொக்டர், ஊசியைப் பிடித்தபடி. “ஆனால் சும்மா தரமாட்டன். மேற்குக் கடலில இருந்து கிழக்குக் கடலுக்குச் சைக்கிளில போற வழக்கம் ஒண்டு இந்த நாட்டில இருக்கு. வெளிக்கிடேக்கை பின் சில்லைக் கடலில நனைக்கிறது. போய்ச் சேர்ந்தாப் பிறகு முன் சில்லை மற்றக் கடலில நனைக்கிறது. நீங்களும் உங்கட சிநேகிதர்மார் ரெண்டு பேரும் போங்கோ. மூண்டு முன் சில்லும் கிழக்குக் கடலில நனையிற படம் ஒண்டு எனக்கு வரவேணும். பாதியில விட்டுட்டு வந்தியள் எண்டால் ஒரு சைக்கிளும் இல்லை. உங்களை எனக்குத் தெரியும், ஞானசேகரம்.”

வாய் திறந்திருந்ததால் மறுக்க முடியவில்லை.

அன்றைக்கே பள்ளிக்கூட அதிபருக்குத் தொலைபேசி எடுத்து, சைக்கிள் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அது என்னுடைய இன்னொரு குறை. அவர் மறுநாள் காலைக் கூட்டத்தில் நாற்பது பெயர்களையும் வாசித்துவிட்டார். யார் யாரைப் பின்னால் ஏற்றுவது என்பதில் இரண்டு சண்டைகளும் நடந்து முடிந்தன. இனி முடிக்காமல் விட முடியாது.

நூற்று நாற்பது மைல். நாலு நாள் என்று திட்டம். தில்லை அண்ணையின் மனைவி புனிதம் அக்கா சாப்பாட்டையும் உடுப்பையும் வானில் ஏற்றிக்கொண்டு கூட வந்தார்.

மேற்குக் கரையிலுள்ள வைட்ஹேவன் கடற்கரையில் தில்லை அண்ணை பஸ்ஸைப் பின்னுக்கு எடுப்பது போல, தோளுக்கு மேலால் பார்த்துப் பார்த்து, சைக்கிளின் பின் சக்கரத்தைக் கடலுக்குள் இறக்கினார். நாங்களும் இறக்கினோம். அப்போது ஒரு அலை கொஞ்சம் கூடுதலாக வந்தது.

“அண்ணை, என்ர முன் சில்லிலையும் பட்டிட்டுது,” என்றான் நகுலேஸ்.

“எவ்வளவு பட்டது?”

“ஒரு சாண்.”

“ஒரு சாண் எண்டால் துடைக்கலாம். துவாயைக் கொண்டா.”

துடைத்தோம். ஊதிக் காயவைத்தோம். அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தில்லை அண்ணை கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மூவரும் ஒரு மரத்தின் கீழ் ஒதுங்கினோம்.

“முன் சில்லு இப்பவே நனைஞ்சால், அங்கை போய் என்னத்தை நனைக்கிறது?” என்றார்.

“அண்ணை, இது மழைத் தண்ணி,” என்றேன் நான். “டொக்டர் சொன்னது கடல் தண்ணி.”

“மழை எங்கையிருந்து வருது?”

“முகிலில இருந்து.”

“முகில்?”

“கடலில இருந்து.”

“எந்தக் கடலில இருந்து?”

நான் முகிலைப் பார்த்தேன். அது கிழக்கிலிருந்து வந்ததா மேற்கிலிருந்து வந்ததா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

“கிழக்குக் கடல் முகில் எண்டு வைப்பம்,” என்றார் அண்ணை. “அப்ப சவாரி இந்த மரத்தடியிலேயே முடிஞ்சுது. பத்து நிமிசம் ஓடிப்போட்டு நாற்பது சைக்கிள் வாங்கினவங்கள் எண்டு சனம் கதைக்கும். பிள்ளையளுக்குக் குடுக்கிற சாமான், களவு இருக்கக் கூடாது.”

அதில் ஒரு நேர்மை இருந்தது. நேர்மை இருக்கிற இடத்தில் நான் புத்தியைத் தேடுவதில்லை. என் வாழ்க்கையில் பல தவறுகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

முதலில் குடை பிடித்தோம். ஒரு கையால் ஹாண்டிலையும் மற்றக் கையால் முன் சக்கரத்துக்கு மேல் குடையையும் பிடித்துக்கொண்டு ஓடினோம். சக்கரம் நனையவில்லை. பாதையும் தெரியவில்லை. நகுலேஸ் ஒரு முள்வேலிக்குள் போனான். அவனை எடுக்கப் போன அண்ணையும் உள்ளே போனார். அவர்களை விசாரிக்கத் திரும்பிய நான் ஒரு தபால் பெட்டியில் மோதினேன்.

பிறகு சொப்பிங் பைகளைக் கிழித்து, கை முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவது போல டயரைச் சுற்றிக் கட்டினோம். பிளாஸ்டிக் டயர் ஈர ரோட்டில் நிற்குமா? ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொருவராக விழுந்தோம். முறை வைத்து விழுந்தது போலத்தான் இருந்தது. வெள்ளம் நின்ற இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்களுடைய மழைக்கோட்டுகளையும் கழற்றிச் சக்கரங்களுக்குப் போர்த்திவிட்டதால், சக்கரங்களைத் தவிர மற்ற எல்லாம் நனைந்தன.

இரண்டாம் நாள் பாதை, வேலியும் அதில் படலைக் கதவுமாக இருந்த வயல்களுக்குள்ளால் போனது. வழிகாட்டித் தாளில் ஒரு விதி இருந்தது. தில்லை அண்ணை அதை உரக்க வாசித்தார்: வழியிலுள்ள படலைகளைக் கண்டது போலவே விட்டுச் செல்லவும்.

“மறந்துபோயிடும். படம் எடு,” என்றார்.

நகுலேஸ் ஒவ்வொரு படலையையும் போனில் படம் எடுத்தான். கடந்து போன பின் படத்தைப் பார்த்து அப்படியே சாத்தினோம். ஐந்து படலை வரை பிசகில்லை. பென்ரித் ஊருக்குக் கிட்ட இருந்த ஆறாவது படலையில் ஒரு தொப்பிக்காரர் சாய்ந்துகொண்டு நின்றார். வயலின் சொந்தக்காரர். அவருக்குப் பின்னால் ஐந்து செம்மறி ஆடுகள். நகுலேஸ் படம் எடுத்தான். அவர் மரியாதையாகப் படலையைத் திறந்து எங்களை விட்டார்.

கடந்து போய் நகுலேஸ் படத்தைப் பார்த்தான். “அண்ணை, படத்தில இப்பிடி இல்லை.”

தில்லை அண்ணை தொப்பிக்காரரிடம் போய், மன்னிக்க வேண்டும், நீங்கள் முன்பு சாய்ந்தது போல ஒரு தடவை சாய முடியுமா என்று கேட்டார். அவர் சாய்ந்தார்.

“இடது முழங்கை,” என்றான் நகுலேஸ்.

அவர் முழங்கையை மாற்றினார். ஆடுகள்தான் ஒத்துழைக்கவில்லை. நாலு ஆடுகளைத் தள்ளித் தள்ளி இடத்துக்குக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் போனது. ஐந்தாவது, கறுப்பு முகத்துக்காரி, வலப்பக்கம்தான் நிற்பேன் என்று நின்றாள். படத்தில் அவள் இடப்பக்கம். தொப்பிக்காரர் முதலில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தன்னுடைய ஆடுகள் என்பதாலோ என்னவோ, தானும் வந்து தள்ளினார்.

எல்லாம் முடிந்த பின் அவர் எங்கள் முன் சக்கரங்களைப் பார்த்தார். ஏன் இந்தக் கட்டு என்று கேட்டார். அண்ணை விளக்கினார். மழை, முகில், கடல் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் விளக்கினார்.

தொப்பிக்காரர் ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தார். “அவ்வளவு பயம் என்றால், முன் சக்கரங்களைக் கழற்றி வானில் போட்டு அனுப்பிவிடுங்களேன்,” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் பகிடி விடுகிறவர்கள் சிரிப்பதில்லை என்பது இத்தனை வருடம் இருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. மூவரும் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னோம்.

புனிதம் அக்கா வானோடு அடுத்த சந்தியில் நின்றார். மூன்று சக்கரங்களையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எங்களை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“அப்ப நீங்கள் எப்பிடி வாறியள்?”

“தள்ளிக்கொண்டு,” என்றார் அண்ணை.

“நல்லது.”

“என்ன நல்லது?”

“ஒண்டுமில்லை. நான் நேரை கிழக்குக் கடலுக்கு, டைன்மத் கடற்கரைக்குப் போறன். கிட்டத்தானே தங்கச்சி வீடு. ஆறுதலா வாங்கோ.”

ஹாண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்தை மட்டும் உருட்டி, தொண்ணூறு மைல் நடந்தோம். ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் ஒரு துளி மழை பெய்யவில்லை.

“பாத்தீரே, வேலை செய்யுது,” என்றார் அண்ணை ஒவ்வொரு காலையும்.

ஹார்ட்சைட் மலை ஏற்றத்தில் நாயோடு வந்த ஒரு அம்மா நின்று, முன் சக்கரங்களை யாராவது திருடிவிட்டார்களா என்று கவலையோடு கேட்டார். இல்லை, அவை முன்னுக்குப் போய்விட்டன என்றான் நகுலேஸ். அந்த அம்மா நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. நான் பிறவி முட்டாளா, சேர்க்கையால் வந்த முட்டாளா என்பதை ஏற்றத்தில் யோசித்தேன். இறக்கத்தில், இந்த இரண்டு பேரும் என்னைச் சேர்ந்ததால்தான் இப்படி ஆனார்களோ என்று தோன்றியது. அந்த எண்ணம் அவ்வளவு நன்றாக இல்லாததால் திரும்பவும் முதல் கேள்விக்கே போனேன்.

மலை உச்சியில் அதிபர் தொலைபேசி எடுத்தார். மறுநாளும் எடுத்தார். அதற்கு அடுத்த நாளும். நான் எடுக்கவில்லை. நாலு நாளில் படம் வரும் என்று சொன்னவன், ஆறாம் நாள் ஒற்றைச் சில்லோடு மலையில் நிற்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அந்த நாற்பது பெயர்களில் சிலவற்றை அவர் முன்பு எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு தள்ளினேன். கால் கொப்புளித்தது. பாதியில் விடவில்லை. என்னளவில் அது ஒரு புதுப் பழக்கம்.

டைன்மத் கடற்கரைக்கு வந்தபோது புனிதம் அக்கா மடக்குக் கதிரையில் இருந்தபடி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

“சில்லுகளைத் தா,” என்றார் அண்ணை. “நனைப்பம்.”

“அதை அண்டைக்கே நனைச்சாச்சு,” என்றார் அக்கா.

“எண்டைக்கு?”

“நீங்கள் தந்த அண்டைக்கு. ஒரே சேறு, பிளாஸ்டிக், முள்ளு. வான் முழுக்க ஊத்தை. இஞ்சை வந்த உடனை கடலில போட்டுக் கழுவினன். பாக்க வடிவா இருந்துது, ஒரு படமும் எடுத்து டொக்டருக்கு அனுப்பினன்.”

“ஆக்கள் இல்லாத படத்துக்கு டொக்டர் என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“நான் சில்லைத்தானே கேட்டனான் எண்டு சொன்னவ. அடுத்த நாளே கிளிநொச்சிக் கடை ஒண்டில சொல்லி நாற்பதும் பள்ளிக்கூடத்தில இறக்கியாச்சு. அதிபர் உமக்கு எடுத்து எடுத்துக் களைச்சுப்போய் எனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறா.”

வீடியோவில் பிள்ளைகள் ஒரே கூச்சலாகப் போனார்கள். ரோட்டில் குறுக்கே மழை வெள்ளம் நின்றது. முன்னால் போன ஒரு பெட்டை நிறுத்தவில்லை, நேராக உள்ளே விட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர் சிதறியது.

“ஐயோ, முன் சில்லு,” என்றோம் மூவரும் ஒரே குரலில்.

“ஏனப்பா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?” என்று கேட்டார் அண்ணை கடைசியில்.

“சொன்னால் நடக்கிறதை நிப்பாட்டிப்போட்டு வந்திடுவியள்,” என்றார் அக்கா. “கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசம். ஒரு ஆறு நாள் கேட்டது பிழையே?”

நான் மணலில் இருந்தேன். வாழ்க்கையில் நான் முடித்த ஒரே காரியம் அது. அது முடிந்தபோது நான் தொண்ணூறு மைல் தள்ளி, ஒரு கடை வாசலில் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“அப்ப சவாரி அண்டைக்கே முடிஞ்சுது,” என்றான் நகுலேஸ். “பிறகு இந்த ஆறு நாளும் நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

தில்லை அண்ணை அவன் பக்கம் திரும்பினார்.

“சவாரி முடிஞ்சால் ஆக்கள் என்ன செய்யிறவை?”

“வீட்டை போறவை.”

“அதைத்தான் செய்திருக்கிறம். ஆனால் பிழையான பக்கம் வந்திட்டம். எங்களுக்குச் சவாரி முடிஞ்ச இடம் அந்தத் தொப்பிக்காரற்ற படலையடி. அங்கையிருந்துதான் வீட்டை வெளிக்கிட வேணும்.”

நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு ஒரு சரியான காரணம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா கதிரையை மடக்கி வானில் வைத்தார். சைக்கிள்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் ஓட்டி, அந்தப் படலையடியில் இறக்கிவிட்டார்.

தொப்பிக்காரர் தூரத்தில் உழவு இயந்திரத்தில் இருந்தார். எங்களைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கி வந்தார். படலையைத் திறந்தார். நாங்கள் கடந்தோம். சாத்தினார். பிறகு தானாகவே இடது முழங்கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

நகுலேஸ் போனை எடுத்துப் பழைய படத்தைப் பார்த்தான். “அண்ணை, ஒரு ஆடு குறையுது.”

தமிழ் விளங்காவிட்டாலும் தொப்பிக்காரர் எட்டிப் படத்தைப் பார்த்தார். விரலால் எண்ணினார். முழங்கையை எடுத்துவிட்டு, வயலின் அந்தக் கரை வரை நடந்து போய், கறுப்பு முகத்துக்காரியைக் காதில் பிடித்து மெல்லமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இடப்பக்கம்தானே?” என்று கேட்டார்.