முதலாளியின் வெள்ளைக் கையுறை

அமெரிக்காவில் பேஸ்பாலைச் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கிய புதிதில், மல்கின் என்றொரு கேட்சர் இருந்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, சீறிவரும் பந்தை வெறுங்கையால் பிடிப்பது அவன் பிழைப்பு. அடிபட்டு அடிபட்டு, விரல்கள் பத்தும் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆளுக்கொரு திசை பார்க்கும். அந்த வேலை பார்த்த எல்லோருக்கும் விரல் அப்படித்தான்.

வலி பொறுக்காமல் ஒருநாள் தோலில் கையுறை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அணியின் முதலாளி விட்காம்ப் தாம்தூம் என்று குதித்தார்.

"நானும் எட்டு வருஷம் கேட்சராக இருந்தவன்தான்! ஒருநாளாவது கையுறை போட்டிருப்பேனா? இனி என் மைதானத்துக்குள் எவன் கையிலும் கையுறை இருக்கக் கூடாது. இருந்தால் வேலை போச்சு!"

இந்த எட்டு வருஷப் பெருமையைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்திருந்தது. "உத்தரவு முதலாளி" என்று மல்கின் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஊரே திரண்டிருந்தது. கூட்டத்துக்குக் கையாட்டியபடி முதலாளி மைதானத்தில் இறங்கினார். கையில் வழக்கம்போல் வெள்ளைப் பட்டுக் கையுறை.

மல்கின் பவ்யமாகக் குறுக்கே வந்து நின்றான். "முதலாளி, உங்கள் உத்தரவு..." என்று உரக்கச் சொல்லி, அந்தக் கையுறையைக் காட்டினான்.

அத்தனை பேரும் பார்க்கிறார்களே! கழற்றினார். பத்து விரலும் மெழுகுவத்தி மாதிரி வழுவழுவென்று நேராக நின்றன.

மல்கின் தன் கோணல் விரல்களைப் பக்கத்தில் நீட்டினான்.

"எட்டு வருஷமும் பந்தை எதால் பிடித்தீர்கள், முதலாளி? வாயாலா?"

மைதானமே வெடித்துச் சிரித்தது. முதலாளி அவசர அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மல்கினும் தன்னுடையதை மாட்டிக்கொண்டான்.