வைரவன் பந்தியில் உட்கார்ந்த நாள்

“சாமி, கை நீட்டாம வாங்குறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் வைரவன். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடை மூழ்கிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேட்டியின் மொடமொடப்பு மட்டும் இன்னும் மூழ்கவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் ரயில்வே கேட் பக்கத்துச் சோற்று மடத்துச் சாமி. வைரவனை விடப் பத்து வயசு இளையவர். முன்னே லாரி ஓட்டியவர். யாராக இருந்தாலும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். வைரவன்தான் அவரைக் குரு என்று பிடித்துக்கொண்டார். சிஷ்யன் தேவை என்று சாமி போர்டு ஒன்றும் மாட்டவில்லை.

சாமி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னத்தை வாங்கணும் அண்ணே?”

“பொண்ணுக்குப் படிப்பு உதவி. உமையாளுக்கு ஏ.சி. மெக்கானிக் படிக்க இடம் கிடைச்சிருக்கு. தனியார் ஐ.டி.ஐ. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டலைன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

“உதவி யாரு தர்றா?”

“வியாபாரிங்க சேர்ந்து ஒரு கல்வி நிதி வெச்சிருக்காங்க. தொழிற்படிப்புன்னா முழுப் பணமும் கட்டிடுவாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு சத்திரத்து ஹால்ல கூட்டம்.”

“போங்களேன்.”

வைரவன் வேட்டி மடிப்பை நீவிவிட்டார்.

“போறதுக்கு என்ன?”

“அங்க ஒரு விதி இருக்கு சாமி. பெத்தவங்க நேர்ல வரணும். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, வீட்ல என்ன கஷ்டம், எதுக்குப் பணம்னு வாயால சொல்லணும்.”

“சொல்லுங்களேன்.”

“ஐயோ, அங்க இருக்கிறவங்க அத்தனை பேரும் என்கூட சரிசமமா உட்கார்ந்து காப்பி குடிச்சவங்க சாமி! அவங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்? நீங்க ஒரு போன் போட்டா, என்னைக் கூப்பிடாமலே கட்டிடுவாங்க.”

சாமி அடுத்த கத்தரிக்காயை எடுத்தார்.

“அந்த விதியைப் போட்ட மகராசன் யாரு?”

வைரவன் கத்தரிக்காய்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான்தான்.”

ஆமாம், அவரேதான். நிதிக்குத் தலைவராக இருந்த காலத்தில் மேசையைத் தட்டிப் போட்ட விதி. ‘கேட்கக் கூச்சப்படுறான்னா அவனுக்குத் தேவை இல்லைன்னு அர்த்தம்’ என்று விளக்கம் வேறு. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு காராசேவும் காப்பியும் வந்தன.

“பொண்ணு என்ன சொல்லுது?” என்று சாமி கேட்டார்.

“அப்படி ஒரு உதவியே இப்ப கிடையாதுன்னு அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். நேத்து எவளோ சிநேகிதி உண்மையைச் சொல்லிட்டா. அவ என்னோட சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. காலையில இந்தச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில மாட்டி வெச்சிருந்தா. ‘போயிட்டு வாங்கப்பா’ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு சாமி.”

சாமி அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

“பந்தி போடுற நேரமாச்சு, வாங்க.”

வைரவன் தினமும் பரிமாறுகிற பழக்கத்தில் சாம்பார் வாளியைத் தூக்கப் போனார்.

மடத்தில் மத்தியானம் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேர், ஊர் எதுவும் கேட்கக் கூடாது. அது சாமி வைத்த வழக்கம். வைரவன் அதற்கு ஒரு படி மேலே போனார். இலையைப் பார்த்துத்தான் ஊற்றுவார். முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அதுதான் பெரிய பண்பு என்று அவருக்கு ஒரு நினைப்பு.

சாமி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு நான் போடுறேன். நீங்க உட்காருங்க.”

“நான் வீட்லயே சாப்பிட்டாச்சு சாமி.”

புளுகு! வீட்டில் கேட்டால் மடத்தில் சாப்பிட்டேன் என்பார். மடத்தில் கேட்டால் வீட்டில் ஆயிற்று என்பார். இரண்டு இடத்திலும் சாப்பிடாமல் இரண்டு இடத்திலும் ஏப்பம் விட்ட ஒரே ஆள் இந்த ஊரில் இவர்தான். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு கையே நுழையும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

“உட்காருங்க அண்ணே.”

குரு சொல்லிவிட்டார். வைரவன் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பு கலைந்தது. அவர் முன்னாலும் ஒரு தையல் இலையைப் போட்டார்கள்.

சாமி ஒவ்வொரு இலைக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தார். வைரவன் முன்னால் வந்ததும் கரண்டி நின்றது.

“என்ன வேணும்?”

வைரவன் நிமிர்ந்தார். சாமி இப்படிக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை.

“சோறு.”

“காதுல விழல.”

“சோறு, சாமி.”

“எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க. வீட்ல ஏன் சோறு இல்ல?”

பந்தியில் அத்தனை கையும் நின்றுவிட்டது. யாரோ இருமினார்கள். வைரவனுக்குக் காது இரண்டும் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை.

வலது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. தன் இலையில் இருந்த சோற்றில் பாதியை அவர் இலைக்குத் தள்ளியது.

“சாப்பிடுங்க. அன்னிக்கு எனக்கும்தான் சத்தம் வரல.”

வைரவன் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷமாகச் சாம்பார் ஊற்றிய இலை. இன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறார்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் தலைவராக இருந்த ஒரு வருஷம்.

சத்திரத்து ஹால். இந்தப் பெண் எழுந்து நிற்கிறாள். பக்கத்தில் ஒல்லியாக மகன். வெல்டிங் படிக்க வேண்டும் என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள், காற்றுத்தான் வருகிறது. ‘சத்தமா சொல்லும்மா, கடைசி வரிசைக்குக் கேக்கணும்’ என்கிறார் தலைவர். பிறகு மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். ‘பார்த்தீங்களா, தேவை இல்ல, போயிட்டா’ என்று தலைவர் சிரிக்கிறார்.

அந்தத் தலைவர் இப்போது அவள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

“உங்க பேரு…”

“செவந்தி.”

“என்னைத் தெரியுமா?”

“நீங்க இங்க வாளி தூக்கின முதல் நாளே தெரியும்.”

“அப்பவே நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா!”

“சாம்பார் ஊத்துற மனுஷன்கிட்ட என்னத்தைக் கேக்குறது? சாப்பிடுங்க, ஆறிடும்.”

“பையன் என்ன பண்றான்?”

“மார்க்கெட்ல மூட்டை தூக்குறான். இன்னமும் வெல்டிங் பட்டறையைத் தாண்டினா ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டுத்தான் வருவான். கண்ணு கெட்டுப்போயிடும்டான்னு திட்டுவேன்.”

சாமி வைரவன் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.

வைரவன் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்கள். பாதியில் வெட்கத்தை மீறிப் பசி வந்துவிட்டது. நிமிர்ந்து, “சாமி, இன்னொரு கரண்டி போடுங்க!” என்றார். சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

சாமி சிரித்துக்கொண்டே வந்து போட்டார்.

கை கழுவி வந்தபோது வேட்டியில் சாம்பார் கறை பளிச்சென்று தெரிந்தது.

“என் வேட்டி ஒண்ணு துவைச்சது இருக்கு. மாத்திக்கிறீங்களா அண்ணே?”

“வேண்டாம் சாமி.”

“போன் போடணுமா?”

“வேண்டாம். நானே போய் நின்னு கேக்குறேன்.”

“பொண்ணுக்கா?”

வைரவன் வாசலைப் பார்த்தார். செவந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“செவந்தியம்மா, கொஞ்சம் நில்லுங்க. பையனுக்கு ஆள் அனுப்பிச் சத்திரத்துக்கு வரச் சொல்லுங்க. நீங்க என்கூட வாங்க.”

“ஐயையோ, அங்கயா? என்னால முடியாதுங்க.”

“நீங்க பக்கத்துல நின்னா போதும்மா. ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து சத்தத்தை நான் போடுறேன்.”