துக்கம் கேட்கப் போனவர்

“சாமி, என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துருங்க” என்றார் புன்னைவனம்.

குரு அம்பலவாணர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. அதனால் அந்த மடத்தில் குருதான் சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் மடத்தின் சார்பில் போய்த் துக்கம் கேட்பது புன்னைவனத்தின் வேலை. அதற்கென்று முறை இருக்கிறது. துக்க வீட்டில் ‘வாங்க’ சொல்லமாட்டார்கள். போகிறவர் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். வீட்டுக்காரர் அதைத் தொடுவார். பிறகு உட்கார்ந்து, எப்படிப் போனார் என்று ஒரே ஒரு கேள்வி. மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். கிளம்பும்போது ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது; பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். பதினோரு வருஷத்தில் புன்னைவனம் இதில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. நேற்று வரைக்கும்.

“நேத்து கீழத்தெருவுல ஒரு பையன் சாவு. பேரு இசக்கிராஜா. அவன் அம்மாகிட்ட, ‘பிச்சையா தங்கமான பிள்ளைம்மா’ன்னு சொல்லிட்டேன்.”

“பிச்சையாவா?”

“ஆமா சாமி. அந்தம்மா அழுகையை நிப்பாட்டிட்டு என்னையவே பாத்தா. ‘எம் பிள்ளை பேரைக்கூடக் கேட்டுக்கிடாம வந்துட்டீகளே’ன்னா. அங்கேயே செத்துரலாம் போல இருந்துச்சு.”

குரு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. விடுகதை கேட்ட பிள்ளையின் முகமாக இருந்தது.

“உங்க வாயில மாடசாமிங்கிற பேரு வரலை. கந்தையாங்கிற பேரு வரலை. பிச்சையா ஏன் வந்தான் அண்ணாச்சி?”

“அதான் எனக்கும் பிடிபடலை. வயசாயிருச்சுல்லா, மறதி.”

“யாரு பிச்சையா?”

“என் தம்பி.”

“எங்க இருக்காரு?”

“இல்லை சாமி. ஆடி மாசம் போயிட்டான். கடுதாசி வந்துச்சு.”

“சொல்லவே இல்லையே!”

“அன்னைக்கு மேலத்தெருவுல ஒரு துக்கம். அங்க போயிட்டேன்.”

“உங்ககிட்ட யாரும் வந்து கேக்கலையா?”

புன்னைவனம் சிரித்தார். “காவி கட்டுனவனுக்குத் தம்பி ஏது சாமி? துக்கம் ஏது?”

குரு கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“நாளைக்கு ஒரே ஒரு வீடுதான் இருக்கு. அதுக்கு நான் போறேன்.”

“யார் வீடு?”

“பக்கந்தான்.”

பக்கத்தில் யாரும் சாகவில்லையே! அன்று முழுக்கப் புன்னைவனம் மண்டையை உடைத்துக்கொண்டார். சமையல்காரரைக் கேட்டார். பால்காரரைக் கேட்டார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் குரு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே புறப்பட்டார். புன்னைவனம் தன் அறை ஜன்னலில் நின்று பார்த்தார். குரு வேப்பமரம் வரைக்கும் போனார். திரும்பினார். மடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, புன்னைவனத்தின் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“வாங்க சாமி. எதையாவது மறந்துட்டீகளா?”

குரு இரண்டு கைகளையும் நீட்டினார்.

புன்னைவனம் அந்தக் கைகளையே பார்த்தார். நீட்டித்தான் அவருக்குப் பழக்கம். தொட்டுப் பழக்கமில்லை. வெகுநேரம் கழித்துத் தொட்டார்.

குரு பாயில் உட்கார்ந்தார்.

“பிச்சையா எப்படிப் போனாரு?”

“காய்ச்சல்னு எழுதியிருந்தாக சாமி. மூணு நாளு. சின்னதுல அவனுக்குக் காய்ச்சல் வந்தா நான்தான் தோள்ல தூக்கிட்டு வைத்தியர் வீட்டுக்கு நடப்பேன். வழி பூரா என் காதைப் பிடிச்சுக்கிட்டே வருவான். விடவே மாட்டான்...”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர், தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு கதறி அழுதார்.

குரு அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

‘வாரேன்’ என்று சொல்லவில்லை.