கடை போட்ட கட்டு

கோவில்பட்டியில் புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஏழைகளின் பையைக் கண்டாலே சந்தேகம். வாசலிலேயே பையின் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டித்தான் உள்ளே விடுவார்கள். காரில் வருகிறவர்களின் கைப்பைக்குக் கட்டு கிடையாது.

தெருக் கூட்டும் குருவம்மாள் உப்பும் பில்லும் கையுமாக வெளியே வந்தபோது மேனேஜர் ஞானசிகாமணி மறித்தார்.

“ஒரு சோப்பு குறையுது. பையை அவுத்துக் காட்டு.”

பில் போட நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. திருடி என்று பெயர் வந்தால் நாளைக்கு அவளுக்கு வேலை போய்விடும்.

“காட்டுறேன் சார். ஆனா இது உங்க ஆள் போட்ட கட்டு, அப்படியே இருக்கு. இதையும் மீறிச் சோப்பு உள்ள போகும்னா, எங்க எல்லாருக்கும் எதுக்குக் கட்டுறீங்க? கட்டாத பை அந்தா அந்தம்மா கையில காருக்குப் போகுது, அதைக் கேளுங்களேன்.”

“அப்ப எங்க கட்டையும் அறுத்து விடுங்கய்யா!” வரிசை சிரித்தது.

கார்க்கார அம்மாளின் கைப்பையைக் கேட்க மேனேஜருக்குத் துணிச்சல் வரவில்லை.

“சரி சரி, நீ போம்மா.”

“எப்படிப் போறது? என் வெத்தலை உள்ள இருக்கு. கட்டினவங்களே அவுத்துக் குடுங்க.”

ஞானசிகாமணி கத்தரிக்கோல் கொண்டுவந்து பட்டையை அறுத்தார், பைக்குள் கண் போய்விடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு.