குளவி வைத்த முகம்

அந்தக் காலத்தில், குளவிக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, பிள்ளைகளுக்கு முகம் வைக்கிற வேலை அதனுடையதாக இருந்தது. ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், குளவி அந்த நாட்டு மண்ணைக் கொஞ்சம் அள்ளி, எச்சில் விட்டுக் குழைத்து, ஒரு முகம் செய்து வைத்துவிடும். பிள்ளை பிறந்ததும் அந்த முகம் அதற்குப் பொருந்திக்கொள்ளும். எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்போது யாரும் அதைக் கேட்டதில்லை.

வேலை லேசானதில்லை. நாடு என்ன ஒன்றா இரண்டா? கிழக்கே கடலுக்குள் தீவுகள் சிதறிக் கிடந்தன. வடக்கே பனிமலை. அதையும் தாண்டிப் போனால் குதிரைகள் மேயும் புல்வெளி. மேற்கே மணல்காடு. இடையில் நெல் விளையும் சேற்று நாடுகள், தெற்கே நம்முடைய செம்மண். ஒவ்வொரு நாட்டுக்கும் பறந்து போய், அந்த நாட்டு மண்ணைத் தேடி எடுத்து, வீடு வீடாகச் சுமந்துபோய்ச் செய்ய வேண்டும். ஒரு மண்ணில் மூக்கு எடுப்பாக நிற்கும், இன்னொரு மண்ணில் கன்னம் அகலும், ஒன்று சீக்கிரம் இறுகும், ஒன்று இறுகவே செய்யாது. ஒரே மண்ணை எடுத்தாலும் ஒரு முகம் போல மறு முகம் வராது.

மனிதர்களோ பிள்ளை பெறுவதை நிறுத்துவதாக இல்லை. பறந்து பறந்து குளவியின் சிறகு ஓரமெல்லாம் கிழிந்தது. மண் சுமந்து சுமந்து அதன் இடுப்பு தேய்ந்து நூலாகிவிட்டது. அதற்கு முன்பு அதற்கும் வண்டைப் போல நல்ல இடுப்புதான் இருந்தது. இதில் போகிற இடத்தில் எல்லாம் குறை வேறு. என் மகனுக்கு ஏன் இப்படி மூக்கு வைத்தாய், பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் எங்கிருந்து அப்படிக் கண் கிடைத்தது என்று மல்லுக்கு நிற்பார்கள். ஒருவராவது, கொஞ்சம் உட்காரேன் என்று சொன்னதில்லை.

ஒருநாள் குளவிக்கு அலுத்துப்போயிற்று. எல்லா நாட்டு மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து ஆறு இறங்குகிற இடத்தில் ஒரு பாறை இடுக்கில் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்த மண்ணை எல்லாம் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தது. புடைத்ததை அமுக்கி, பள்ளத்தை நிரவி, எல்லா முகத்துக்கும் நடுவான ஒரு முகம் செய்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கோணல் கிடையாது. இனி எல்லாருக்கும் இதுதான் என்று குளவி முடிவு செய்தது. அந்த மண்ணுருண்டை கிள்ளக் கிள்ள வளர்ந்தது. குளவி உட்கார்ந்த இடத்திலேயே முகங்களைச் செய்து காற்றிடம் கொடுத்தது. காற்று எப்படியும் எல்லா ஊருக்கும் போகிறதுதானே.

அதன்பிறகு பிறந்தவர்களுக்கு எல்லாம் ஒரே முகம். பழைய முகக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிழடாகிப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு தீவிலும் அதே முகம், பனிமலையிலும் அதே முகம், நம் ஊரிலும் அதே முகம் என்று ஆகிவிட்டது.

ஜனங்களுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். பெண் பார்க்கப் போகிற வேலை மிச்சம். அழகி என்று எவளும் தலைக்கனத்தோடு திரியவில்லை, சப்பை மூக்கன் என்று எவனும் அழவில்லை. தூர தேசத்திலிருந்து வந்த வியாபாரியைக்கூட யாரும் முறைத்துப் பார்க்கவில்லை, முறைத்தால் தன் முகத்தைத் தானே முறைத்த மாதிரி அல்லவா இருக்கும்! சேலையையும் குரலையும் நடையையும் வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். அவ்வப்போது ஒருத்தி ஊரான் புருஷனைப் பிடித்து நிறுத்தித் திட்டித் தீர்ப்பாள். அவனும் பழக்கதோஷத்தில் பேசாமல் வாங்கிக்கொண்டு போவான்.

நம் ஊரில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், பெயர் குருவம்மா. குருவு, குருவு என்று கூப்பிடுவாள். அந்தப் பெண் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போயிற்று. ஓடியாடித் திரிகிற வயசு.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் மாடத்தி அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். வாசலில் சத்தம் கேட்டது.

"அத்த, அம்ம கொஞ்சம் நெருப்பு வாங்கிட்டு வரச் சொன்னா."

தலையைத் தூக்கிப் பார்த்தால் குருவு நிற்கிறாள். கையில் கொட்டாங்கச்சி. மாடத்தி பதறி எழுந்தாள். பிறகுதான் பாவாடையைப் பார்த்து, அது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டாள். நெருப்பை அள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஓயவில்லை. தண்ணீருக்குப் போனால் ஆற்றங்கரையில் நாலைந்து குருவுகள் குதித்து விளையாடினார்கள். வயலுக்குப் போனால் வரப்பில் ஒரு குருவு ஆடு மேய்த்தாள். "பார் மாடத்தி, உனக்கு என்ன குறை? ஊரெல்லாம் உன் பிள்ளைதான்" என்று தேற்ற வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். கேட்டவளுக்கு அவர்கள் வாயைப் பொத்தத் தோன்றியது.

வருஷங்கள் போயின. பக்கத்து வீட்டுப் பெண் வளர்ந்தது. அதோடு அந்த முகமும் வளர்ந்தது. அது தாவணி போட்டது, பூ வைத்தது, மாப்பிள்ளைக்கு முன்னால் தலை குனிந்து நின்றது. கல்யாணப் பந்தலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடத்தி மட்டும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன பிள்ளை சாகவும் மாட்டாமல் வாழவும் மாட்டாமல் தெருவில் நடந்துகொண்டே இருந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. கண்ணை மூடி மகளை நினைத்தால் குருவு வருவதில்லை. எல்லோரும் வந்தார்கள். இந்தச் சிரிப்பு குருவு சிரித்ததா, ஆடு மேய்க்கிற பெண் சிரித்ததா என்று அவளுக்கே குழம்பியது. அப்போதுதான் மாடத்தி பயந்துபோனாள். எழுந்து மலையடிவாரத்துக்கு நடந்தாள்.

பாறை இடுக்கில் குளவி சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு முகம் செய்துகொண்டிருந்தது. பக்கத்தில் மண்ணுருண்டை ஈரமாக இருந்தது.

"இன்னைக்கு என்ன குறை?" என்றது குளவி, தலையைத் தூக்காமலே.

"எம்பிள்ள செத்துப்போயிட்டா" என்றாள் மாடத்தி.

"சாவு என் வேலையில்ல தாயி."

"தெரியும். அவ முகம் மட்டும் சாவ மாட்டேங்கு. ஊரு பூரா அலையுது. அவளுக்குன்னு ஒரு துணிதான் இருந்துச்சு, அதையும் அவகூடவே போட்டுப் புதைச்சாச்சு. முகமாவது அவளுக்குன்னு இருக்கக் கூடாதா? நெனச்சு அழக்கூட எனக்குன்னு ஒண்ணு இல்லையே!"

குளவி வேலையை நிறுத்தியது.

"எல்லா நாட்டு மண்ணையும் போட்டுப் பிசைஞ்சேன். எல்லாருக்கும் நடுவான முகம். ஒருத்தருக்கும் குறை வராதுன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரு முகமும் இல்லையே."

"மறுபடியும் என்னை நாடு நாடாப் பறக்கச் சொல்லுதியா? என் இடுப்பைப் பாரு. இன்னும் ஒரு சுமை சுமந்தா ரெண்டாப் போயிரும்."

"நீ மண்ணு சுமக்க வேண்டாம். பிள்ள பொறக்கப் போற வீட்டுக்கு வா. அந்த வீட்டு வாசல்லயே மண் இருக்கு. சுவர் ஓரமா உக்காந்து செய்யி. உன்ன யாரும் வெரட்ட மாட்டாங்க, நான் சொல்லி வைக்கேன்."

குளவி யோசித்தது. பிறகு மெல்லச் சொன்னது:

"அப்படிச் செஞ்சா ஒண்ணு போல ஒண்ணு வராது. கோணல் விழும். ஒருத்தி அழகா இருப்பா, ஒருத்தி இருக்க மாட்டா, சிரிப்பாங்க. வேத்து ஊருக்குப் போனா முகத்தைப் பாத்தே எந்த ஊருக்காரன்னு கேட்டு வாசலோட நிறுத்துவாங்க. இன்னொண்ணும் இருக்கு. ஒருத்தரு போயிட்டா அந்த முகமும் போயிரும். தேடினாலும் கெடைக்காது. உம்பிள்ளைய அதுக்கு அப்புறம் நீ பாக்கவே முடியாது."

"பாத்தது போதும்" என்றாள் மாடத்தி. "அலுத்துப்போச்சு."

சொல்லிவிட்டு அவள் குனிந்தாள். மண்ணுருண்டையை இரண்டு கையாலும் தூக்கினாள். எல்லா நாட்டு மண்ணும் அதில் இருந்தது, கனமாகத்தான் இருந்தது. அப்படியே கொண்டுபோய் ஆற்றில் போட்டாள். தண்ணீர் கொஞ்சநேரம் கலங்கி ஓடியது, பிறகு தெளிந்துவிட்டது.

குளவி நினைத்திருந்தால் அவளைத் தடுத்திருக்கலாம், கொடுக்கால் ஒரு போடு போட்டிருக்கலாம். அது அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதற்கும் அலுத்திருந்தது.

அப்புறம் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தன. முதல் பிள்ளையைப் பார்த்து ஊரே மிரண்டது. இது என்ன இப்படி ஒரு மூக்கு என்று பெற்றவளே அழுதாள். அந்தந்த ஊர் மண் என்பதால் ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்குள் ஒரு ஜாடை இருந்தது. ஆனாலும் குளவியின் காலில் முன்பு ஒட்டிய மண் முழுக்க உதிரவில்லை. எப்போதாவது நம் ஊர்ப் பிள்ளைக்குப் புல்வெளிக்காரன் கண் வந்துவிடும், பனிமலைப் பிள்ளைக்குத் தீவுக்காரியின் உதடு வந்துவிடும். குளவி சொன்னபடியே மற்றதும் நடந்தது. சிரித்தார்கள், அழுதார்கள், வாசலோடு நிறுத்தினார்கள். எல்லாம் உன்னால் வந்தது என்று மாடத்தியைத் திட்டியவர்களும் உண்டு.

ஒரே முகக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு சாவிலும் தெருவில் ஒரு குருவு குறைந்தாள். மாடத்திக்கு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. கண்ணை மூடினால் இப்போது மகள் மட்டும் வந்தாள், பல் விழுந்த வாயோடு, மூக்கைச் சுளித்துக்கொண்டு. அவள் நன்றாக அழுதாள். அழுது முடிந்து, பிழைப்பைப் பார்த்தாள்.

மாடத்திக்கு நீண்ட ஆயுள். புருஷன் போனான், தம்பி போனான், பக்கத்து வீட்டுப் பெண்ணும் போய்விட்டாள், அந்த முகத்தோடு கடைசியாகப் பிறந்தவர்கள்கூடக் கிழடாகிப் போய்ச் சேர்ந்தார்கள். கண்பார்வை மங்குகிற வயதில் ஒருநாள், தண்ணீர் மொள்ளக் குனிந்தவள் தொட்டிக்குள் ஒரு முகத்தைப் பார்த்தாள். சுருங்கிப்போன முகம். குருவு இருந்து கிழவியாகியிருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள். இந்த முகம் இனி எந்த ஊரிலும் இல்லை, தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அந்தச் சமயம் தம்பியின் பேத்தி செல்லக்கனி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குளவியும் வந்து உத்தரத்தின் ஓரம் உட்கார்ந்து மண் குழைத்துக்கொண்டிருந்தது. மாடத்தி அதன் கீழே போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன். இந்தப் பிள்ளைக்கு இந்த முகத்தை வச்சிரு."

குளவி எட்டிப் பார்த்தது. அதற்கும் வயதாகியிருந்தது.

"நீதான தாயி அந்த மண்ண ஆத்துல கரைச்சே?"

"நான்தான் கரைச்சேன்."

"அது எங்கயும் கெடைக்காது. அப்பமே சொன்னேனே."

"சொன்னே" என்றாள் மாடத்தி. "நான் போறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. எங்கூட அவளும் போறா."

பிறகு குளவி கீழே இறங்கி வந்தது. மாடத்தியின் மோவாயில் உட்கார்ந்து, வியர்வையும் புழுதியுமாக ஒட்டியிருந்ததை ஒரு கிள்ளு எடுத்தது. வலித்தது, அவள் அசையவில்லை.

"முழுசா முடியாது. இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிவிட்டு அது மேலே போனது. அதற்குப் பிறகு அது பேசி யாரும் கேட்டதில்லை.

செல்லக்கனிக்குப் பெண் பிறந்தது. அதற்குள் மாடத்தி படுக்கையில் விழுந்திருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கிடத்தினார்கள். நெற்றியைப் பார்த்தாள், இல்லை. கண்ணைப் பார்த்தாள், இல்லை. மூக்கைப் பார்த்தாள், அதுவும் இல்லை. கடைசியில் மோவாயை விரலால் தொட்டுப் பார்த்து, "இந்தா இருக்கா" என்றாள். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

அன்று முதல்தான், குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் யாரோ முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லி அதைக் கலைக்காமல் விடுகிறோம். அன்று முதல்தான், பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கியதும் நெற்றி யாருடையது, மூக்கு யாருடையது, மோவாய் யாருடையது என்று தேடுகிறோம். எப்போதோ போனவர்கள் யாராவது ஒரு ஓரத்தில் கொஞ்சம் இருப்பார்கள். முழு முகம் மட்டும் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.