ராஜாவின் ஜோடும் பத்துக் கோல் கயிறும்

வெகுகாலத்துக்கு முன்னே செம்மலை நாட்டைக் கோமளவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றுவான்! அவன் போட்டதிலேயே விசித்திரமானது அளவுச் சட்டம். அளப்பவர் எவ்வளவு தப்பினாரோ அவ்வளவு நீளக் கயிற்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போகவேண்டும். அதோடு வேலையும் போய்விடும்.

அரண்மனையில் அந்த வேலையைப் பார்த்தவள் மருதாயி. ஏரியோ வாய்க்காலோ, ராஜாவின் அங்கியோ கால் ஜோடோ, எல்லாவற்றுக்கும் அவள் கயிறு பிடித்துச் சொல்வதுதான் அளவு. இதைக் கண்டு வயிறெரிந்தவர் மந்திரி சூரப்பராயர். அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர அவருக்கு ஆசை. ராஜாவுக்கும் அவருக்கும் ஒரே அளவுப் பாதம். ராஜா கழற்றிப் போட்ட பழைய தோல் ஜோடுகளையே மாட்டிக்கொண்டு திரிவார், அதில் அப்படியொரு பெருமை அவருக்கு!

ஒருநாள் ராயர் சபைக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். மருதாயியும் அங்கே இருந்தாள்.

"மகாராஜா, மோசம் போனோம்! புது ஏரியின் கரை நாலாயிரம் கோல் என்றாளே மருதாயி? நாற்பது ஆட்களை வைத்து, ஒரு மாதம் மரக்கோல் போட்டு அளந்தேன். நாலாயிரத்துப் பத்து! பத்துக் கோல் தப்பு!"

"பத்துக் கோலா!" ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். "ஏரி மதகு திறக்கும் நாளில் இவள் கழுத்தில் பத்துக் கோல் கயிறு!"

இந்த வேலை போனால் மருதாயிக்குச் சோற்றுக்கு வேறு வழியில்லை. ஆனாலும் நிதானமாகவே கேட்டாள்.

"ஆகட்டும் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். ராயரே, ஒரு விரற்கடை தப்பினால் என்ன தண்டனை?"

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு விரற்கடையெல்லாம் தப்பில் சேர்த்தியா? அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றக்கூடக் காணாதே!"

"பலே!" என்று தொடையைத் தட்டினான் ராஜா. "போடு சட்டம்! ஒரு விரற்கடை வரை தப்பே இல்லை!"

மதகு திறக்கும் நாளும் வந்தது. மேளம் கொட்டுகிறது, ஊரே கரையில் திரண்டு நிற்கிறது. ராஜா புதுச் சரிகை ஜோட்டுக்குள் காலைத் திணித்து மூன்றடி வைத்தான்.

"ஐயோ! என் விரல்! யார் இதற்கு அளவு கொடுத்தது?"

"நான்தான் மகாராஜா," என்றாள் மருதாயி. "ஒரு விரற்கடைதான் குறைத்தேன். சட்டப்படி அது தப்பே இல்லையே?"

ராஜாவின் முகம் சிவந்தது. மருதாயி நிறுத்தவில்லை.

"உங்கள் பாதம் பன்னிரண்டு விரற்கடை. அதில் ஒன்று குறைந்தால் நூற்றுக்கு எட்டுக்கு மேலே போச்சு, கால் கத்துகிறது. கரை நாலாயிரம் கோல். அதில் பத்து என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அந்த ஒன்றிலும் கால் பங்குதான். கயிறு வெயிலில் நீளும் என்று தெரிந்துதான் கரை கட்ட நூற்றுக்கு ஒரு கல் கூடுதலாக இறக்கச் சொன்னேன். கரையில் எங்கேயாவது கல் பற்றாமல் நிற்கிறதா, பாருங்கள்! தப்பு எத்தனை நீளம் என்று மட்டும் கேட்காதீர்கள் மகாராஜா. எத்தனையில் அத்தனை என்றும் கேளுங்கள்."

ராஜா கரையைப் பார்த்தான். ஒரு கல்கூடக் குறையவில்லை. காலைப் பார்த்தான், கட்டைவிரல் பழம்போல் வீங்கியிருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கொண்டுவாருங்கள் ஒரு பொற்கோல்! இனி அளவில் இவள் சொல்தான் சட்டம். ராயரே, என் ஜோடென்றால் உமக்கு உயிராயிற்றே? இந்தாரும், புத்தம் புதுசு! ஒரு விரற்கடைதானே? போட்டுக்கொண்டு கரையை ஒரு சுற்றுச் சுற்றிவாரும்!"

போனார் ராயர். நிமிர்ந்து போனவர், பொழுது சாய்கிற நேரத்தில் நொண்டி நொண்டி வந்து தொப்பென்று விழுந்தார்.

"கரை எத்தனை கோல் ராயரே?" என்று கேட்டான் ராஜா.

"ஐயோ மகாராஜா... ஐயாயிரத்துக்குக் குறையாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து தப்பு!" என்று ராஜா குதித்தான். "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கோல் கயிறு! எங்கே கயிறு?"

"விட்டுவிடுங்கள் மகாராஜா," என்றாள் மருதாயி. "அத்தனை கயிறு நாட்டிலேயே கிடையாது. அதோடு, அந்த ஜோட்டைப் போட்டு நடந்தவருக்குக் கரை ஐயாயிரம் கோல்தான்!"